ஸ்டோன் டவுன் விடுதியில் மூன்று இரவுகள்

டான்சானியாவின் டோடோமாவுக்கு அருகே ஒரு கிராமப் பள்ளியில் தன்னார்வ ஆசிரியராக ஒன்பது மாதங்கள் வாளித் தண்ணீரில் குளித்துப் பழகிய நான், விடுமுறைக்கு டார் எஸ் சலாமில் கப்பலேறி, ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் சான்சிபார் தீவை அடைந்து, யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் 2000ஆம் ஆண்டு இடம்பெற்ற பழைய நகர்ப் பகுதியான ஸ்டோன் டவுனின் சந்து ஒன்றிலுள்ள சிறு விடுதியில் தங்கினேன். பித்தளைக் குமிழ் பதித்த கதவு, கொசுவலை கட்டிய கட்டில், வெளுத்த விரிப்பு என அறையில் குறையில்லை. குழாயைத் திருகியதும் வெந்நீர் கொட்டியபோதுதான் திகைத்தேன். வீணாகிறதே என்று குப்பைக்கூடையை எடுத்து நீட்டிப் பிடித்தேன் என்றால் நம்புவீர்களா?

வாடகைதான் உறுத்தியது: ஓர் இரவுக்கு வாங்குவது என் மாத உதவித்தொகையில் கால் பங்கு. காலையுணவில் பப்பாளியும், எண்ணெயில் பொரித்த மண்டாசி என்ற இனிப்பு ரொட்டியும், ஏலக்காய் மணக்கும் தேநீரும் நன்றாகவே இருந்தன. ஆனால் பக்கத்து மேசையில் பாதி தின்று ஒதுக்கிய தட்டுகளைக் கண்டபின் எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. அது விடுதியின் குற்றமன்று. நான் உள்ளூர் மொழியான சுவாஹிலியில் நலம் விசாரித்தாலும் ஆங்கிலத்திலேயே பதில் தந்த வரவேற்பாளரை வேண்டுமானால் குறை சொல்லலாம். இரவுணவை அங்கே உண்ண வேண்டாம். ஃபோரோதானி பூங்காக் கடைகளில் மாங்காய்ப் புளிப்பும் பஜ்ஜியும் கலந்த உரோஜோ என்ற சூப் ஒரு கிண்ணம் போதும்.