799 வெள்ளிப் பச்சைப் பெட்டியும் தொரையின் லேண்ட்ரோவரும்

கேஸ் சிலிண்டர் இல்லாமல் ஓடும் மிக் வெல்டிங் மெஷின். ‘200 ஆம்பியர், மூன்று வேலை ஒரே பெட்டியில்’ என்று மேலே எழுதியிருக்கும். சுருளிலிருந்து தானே வரும் கம்பி (அதுதான் மிக்), ஒவ்வொன்றாக மாட்டும் ராடு, டங்ஸ்டன் முனையால் ஒட்டும் லிஃப்ட் டிக், மூன்றும் செய்யுமாம். ஆன்லைனில் 799 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) வாங்கிப் பதினாலு மாதம் ஆகிறது. பிராண்ட் பெயரைச் சொல்லிப் பயனில்லை. இதே பெட்டி நிறத்தையும் ஸ்டிக்கரையும் மாற்றிக்கொண்டு நாலைந்து பெயரில் வருகிறது. எங்கள் வீட்டில் அதற்குப் பச்சைப் பெட்டி என்று பெயர்.

நான் வெல்டர் இல்லை. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருபது வருஷமாக மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கிறேன். சைலன்சர் கிழிந்தால் ஒட்டுவது, ஸ்டாண்டு உடைந்தால் பற்றவைப்பது, அவ்வளவுதான் என் அனுபவம். இந்தப் பெட்டியை வாங்கியது பட்டறைக்காக இல்லை, வீட்டுப் போர்ச்சில் கிடந்த ஒரு லேண்ட்ரோவருக்காக.

அப்பா ரப்பர் தோட்டத்தில் டிரைவராக இருந்தவர். விடிவதற்கு முன்னே தொரையை (தோட்ட மேனேஜரை) ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் இறக்கிவிடுவது, சம்பள நாளில் கணக்குப் பார்க்கும் கிராணியாரோடு பேங்குக்குப் போய் வருவது, ராத்திரியில் யாருக்காவது வலி எடுத்தால் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவது, எல்லாம் அந்த லேண்ட்ரோவரில்தான். என் தங்கச்சி அந்தக் காடியிலேயே பிறந்திருக்க வேண்டியவள், அஞ்சு நிமிஷத்தில் தப்பியது என்று அம்மா இன்றைக்கும் சொல்வார். கித்தா (ரப்பர்) போய் செம்பனை வந்தது, லயன் வீடுகளை இடித்தார்கள், காடி ஸ்டோருக்குப் பின்னால் புல்லுக்குள் போனது. பழைய இரும்புக்காரர் தோட்டத்துச் சாமான்களை மொத்தமாக எடுத்தபோது, இதை மட்டும் 600 வெள்ளி கொடுத்துப் பிரித்து வாங்கினேன்.

சீரீஸ் 3, 88 அங்குல மாடல். வெளித்தகடு அலுமினியக் கலவை என்பதால் நாற்பது வருஷ மழைக்கு அசையவில்லை. அங்கங்கே நசுங்கல் மட்டும். சேசிஸோ ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினால் உள்ளே போகிறது. மேலே பவுன், கீழே பொடி.

அதனால்தான் இந்த யோசனை: பழைய உடம்பை வேறு சேசிஸில் ஏற்றுவது. ஈப்போ பக்கம் ஒரு பழைய காடி உடைக்கும் இடத்தில், பின்பக்கம் அடிபட்ட முதல் தலைமுறை டிஸ்கவரி ஒன்று கிடந்தது, அதுவும் லேண்ட்ரோவர் கம்பெனி காடிதான். 300டிடிஐ டீசல் இன்ஜின், ஐந்து கியர், நாலு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், இலைப்பட்டைக்குப் பதில் காயில் ஸ்பிரிங். மேலே இருந்ததை எல்லாம் அவர்களே கழற்றி எடுத்துக்கொண்டு, இன்ஜினோடு சேசிஸை 4,500க்குக் கொடுத்தார்கள். டிஸ்கவரியின் இரண்டு ஆக்சிலுக்கும் நடுவே 100 அங்குலம், என்னுடையதில் 88. ஆக, 12 அங்குலம் வெட்டி எடுத்து ஒட்ட வேண்டும். உலகத்தில் நிறைய பேர் செய்துவிட்ட வேலைதான், புதிதாக நான் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.

இதைக் கேள்விப்பட்டு, மாரிஸ் மைனர் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் தனக்கும் இப்படிச் செய்து தரச் சொன்னார். முடியாது என்றேன். லேண்ட்ரோவரில் சேசிஸ் வேறு, உடம்பு வேறு. போல்ட்டைக் கழற்றினால் தூக்கி வைத்துவிடலாம். மைனரில் உடம்பேதான் சேசிஸ். அடித்தளத்தை வெட்டிவிட்டால் அது காடி இல்லை, கூடை. கதவுகூட ஒழுங்காகச் சாத்தாது.

சரி, பெட்டிக்கு வருகிறேன்.

வந்த அன்றே ஆர்வத்தில் வீட்டு பிளக்கில் சொருகினேன். ஆம்பியரை 150க்குத் திருப்பி இரண்டு கோடு இழுத்தேன். பிளக் கை வைக்க முடியாத சூடு, அப்புறம் ஃபியூஸ் போனது. நம் வீட்டுப் பிளக் 13 ஆம்பியர். 230 வோல்ட்டில் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 3,000 வாட். 150 ஆம்பியர் வெல்டிங் அதைவிட அதிகமாக இழுக்கும். விளம்பரத்தில் ‘சாதாரண வீட்டு மின்சாரம் போதும்’ என்று போட்டிருந்தது. 80, 90 ஆம்பியர் வரைக்கும் அது உண்மை. அதற்கு மேல் போக, வயர்மேனைக் கூப்பிட்டு போர்ச்சுக்குத் தனியாக 32 ஆம்பியர் லைன் இழுத்தேன். 380 வெள்ளி. ஆக, பெட்டியின் உண்மையான விலை 1,179. வாங்குகிறவர்கள் இதையும் சேர்த்துக் கணக்குப் பண்ணுங்கள்.

அடுத்த தலைவலி பிளஸ் மைனஸ். முதல் வாரம் முழுக்க நான் வைத்த வெல்டிங் எல்லாம் கடுகு தாளித்த மாதிரி தெறித்தது. இரும்புக்கு மேலே புறா எச்சம் போல உட்கார்ந்ததே தவிர உள்ளே இறங்கவில்லை. என் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டு ஒரு சுருள் கம்பியைத் தீர்த்தேன். கடைசியில் வந்து பார்த்தவர், அந்தக் காலத்தில் தோட்டத்துப் பட்டறையில் வெல்டராக இருந்த மாமா. அப்பாவுக்குச் சிநேகிதர், எழுபத்து நாலு வயது. வந்ததும் டார்ச்சை, அதாவது கம்பி வரும் கைப்பிடியை, தொடவில்லை. பெட்டியின் பக்கவாட்டு மூடியைத் திறந்தார்.

“கேஸ் போட்டு அடிக்கிற மாதிரி கனெக்‌ஷன் குடுத்திருக்குடா தம்பி. மாத்து.”

உண்மைதான். கேஸோடு ஓடும் சாதாரண கம்பிக்கு டார்ச் பிளஸ்ஸில் இருக்க வேண்டும். உள்ளே மருந்து அடைத்து, கேஸ் இல்லாமல் ஓடும் கம்பிக்கு டார்ச் மைனஸில், இரும்பைக் கவ்வும் கிளாம்ப் பிளஸ்ஸில். கேஸ் இல்லாத மெஷின் என்று சொல்லி விற்கிறவர்கள், கேஸுக்கு உரிய கனெக்‌ஷனோடு அனுப்பி வைத்திருக்கிறார்கள். கையேட்டில் இதற்கு ஒரு படம் உண்டு, எறும்பு அளவில். மாற்றிய பிறகு வேறு மெஷின் மாதிரி ஆகிவிட்டது. தெறிப்பு பாதிக்கு மேல் குறைந்தது, கோடும் சமமாக விழுந்தது. வாங்கி வைத்துக்கொண்டு மெஷின் சரியில்லை என்று திட்டுகிறவர்கள் முதலில் இந்த மூடியைத் திறந்து பாருங்கள்.

பெட்டியோடு கம்பி ஒரு கிலோ தருகிறார்கள். சுருளின் ஓரத்தில் இ71டி-ஜிஎஸ் என்று இருந்தது. அந்த ஜிஎஸ் என்ன என்று நான் கவனிக்கவில்லை. சேசிஸில் கை வைப்பதற்கு முன்னால் மாமா ஒரு பரீட்சை வைத்தார். இரண்டு 4 மில்லிமீட்டர் பட்டைகளை ஒட்டச் சொன்னார். நான் ஒரு அடுக்கு வைத்தேன், போதாது என்று நினைத்து அதற்கு மேலே இன்னொரு அடுக்கும் வைத்தேன். பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. வைஸில் இறுக்கிச் சுத்தியலால் மூன்று அடி போட்டார். பிஸ்கட் மாதிரி உடைந்தது. உள்ளே கறுப்புக் கறுப்பாக ஸ்லாக், கம்பி மருந்தின் கசடு. ஜிஎஸ் கம்பி ஒரே அடுக்குக்கு உரியது, மெல்லிய தகட்டுக்கு உரியது. அடுக்கு மேல் அடுக்கு வைக்க வேண்டுமானால் அதற்கு வேறு ரகக் கம்பி இருக்கிறது. நான் அந்தப் பரீட்சை இல்லாமல் சேசிஸை ஒட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை.

சேசிஸ் வேலை மூன்று சனி ஞாயிறு எடுத்தது. அதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வெட்டுவதற்கு முன்னால் சேசிஸை நாலு ஸ்டாண்டில் மட்டம் பார்த்து ஏற்றி, ஒவ்வொரு முக்கிய ஓட்டையிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டு, சிமெண்டுத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் புள்ளி வைத்தோம். குறுக்கும் நெடுக்கும் அளந்து, அளவுகளைச் சுவரிலேயே எழுதினார் மாமா. என் மனைவிக்கு அதில் இன்னும் கோபம். கியர்பாக்ஸ் தாங்கும் குறுக்குச் சட்டத்துக்குப் பின்னால், பின் ஆக்சிலின் கைகள் பிடிக்கும் இடத்துக்கு முன்னால், இரண்டு பக்கமும் 12 அங்குலம் வெட்டி எடுத்தோம். பின்பாதியை முன்னால் தள்ளி, மறுபடி தூக்குக்குண்டு. மூலைவிட்டம் இரண்டுக்கும் 7 மில்லிமீட்டர் வித்தியாசம். “இதோட ஓட்டுனா காடி நண்டு மாதிரி போகும்” என்றார். ஒரு பக்கம் தீட்டி, ஜாக்கால் தள்ளி, 2 மில்லிமீட்டருக்குக் கொண்டுவர ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்ந்துவிட்டது.

ஒட்டுக்கு உள்ளே ஒரு பட்டை, வெளியே பட்டம் மாதிரி நாலு மூலையும் சாய்ந்த தகடு. ஒட்டு நேர்க்கோட்டில் நின்றால் பாரம் முழுவதும் அந்தக் கோட்டிலேயே விழுந்து விரிசல் விடும்; சாய்த்து வைத்தால் பாரம் பரவும். முதலில் எல்லாப் பக்கமும் டேக், அதாவது பிடித்து நிற்கப் புள்ளி ஒட்டு. அப்புறம் இங்கே ஓர் அங்குலம், எதிர்ப்பக்கம் ஓர் அங்குலம் என்று மாறி மாறி. ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டு போனால் சூட்டில் சேசிஸ் வளையும்.

இதையெல்லாம் செய்தது கம்பி இல்லை, ராடு. ஆனால் மெஷின் அதே பச்சைப் பெட்டிதான். மாமா தன்னுடைய மெஷினைக் கொண்டுவருவார் என்று நினைத்தேன். அவரோ பச்சைப் பெட்டியை ராடு வேலைக்கு மாற்றி, 2.6 மில்லிமீட்டர் இ7018 ராடு போட்டு, 90 ஆம்பியரில் ஒரு துண்டை ஒட்டி, அதே வைஸில் அதே சுத்தியலால் அடித்தார். பட்டை வளைந்தது, ஒட்டு விடவில்லை. “சாமான் மோசமில்ல” என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய சர்டிஃபிகேட். இந்த ரகத்துக்கு ஈரம் ஆகாது, நம் ஊர்க் காற்றில் சீக்கிரம் கெட்டுவிடும். அதனால் அன்றைக்குப் பிரித்த புதுப் பாக்கெட்டை மட்டும் சேசிஸுக்கு வைத்துக்கொண்டோம். உடம்பைத் தாங்கும் கைகளையும் ராடால்தான் போட்டார்.

ஆக, நான் எதற்காக வாங்கினேனோ அதில் பெட்டிக்குப் பாதி மதிப்பெண். கணக்கிலேயே வைக்காத ராடு வேலையில் முழு மதிப்பெண்.

கம்பி வீண் என்று சொல்லவில்லை. ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் சீட்டுக்கும் நடுவே நிற்கும் தடுப்பு) கால் வைக்கும் இடம் இரண்டும் துருப்பிடித்து ஓட்டை. அந்த மெல்லிய இரும்பில் ராடு வைத்தால் இன்னும் பெரிய ஓட்டைதான் கிடைக்கும். கம்பியால் புள்ளி புள்ளியாக வைத்து அழகாக அடைத்தேன். பேட்டரித் தட்டு, சீட் பிராக்கெட், மட்கார்டு பிடிகள் எல்லாமே கம்பிதான். டிஸ்கவரியின் ஆக்சில் என் காடியைவிட 7 அங்குலம் அகலம் என்பதால் டயர் பக்கத்துக்கு மூன்றரை அங்குலம் வெளியே வந்து நின்றது. அதற்கு மேலே புருவம் மாதிரி வளைவு கட்ட வேண்டியிருந்தது. செம்பனை ஆலையில் கழித்துப் போட்ட கன்வேயர் பெல்ட்டை வெட்டிப் போட்டேன். கடையில் வாங்கியதைவிடக் கம்பீரமாக இருக்கிறது.

விளம்பரத்தில் ‘அலுமினியமும் ஒட்டும்’ என்று ஒரு வரி உண்டு. நம்பாதீர்கள். இந்தக் கம்பி அலுமினியத்துக்கு ஆகாது. டிக் பகுதியும் டிசி மட்டும்தான், அலுமினியத்துக்கு ஏசி வேண்டும். கதவுத் தகடு கிழிந்த இடத்தை ரிவெட் அடித்தே மூடினேன். அலுமினியமும் இரும்பும் தொடும் இடத்தில் மழைநீர் புகுந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாகக் கரையும். அதனால் நடுவே பழைய டியூப்பை வெட்டி வைத்தேன். கித்தாத் தோட்டத்துப் பிள்ளை கித்தாவை விட்டு வேறு எதை வைப்பான்?

ஒரு முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். பின்பெட்டியின் மேல்விளிம்பு துத்தநாகம் பூசிய இரும்பு. தீட்டாமல் அதன் மேலேயே வெல்டிங் வைத்தேன், அதுவும் மழைக்காகப் போர்ச்சின் துணித்திரையை இறக்கிவிட்டு. ராத்திரி பத்து மணிக்குக் குளிர்காய்ச்சல், பல் கிட்டியது, வாயில் செம்புக்காசு சப்பின மாதிரி ருசி. துத்தநாகப் புகைக்கு வரும் காய்ச்சல் அது. மறுநாள் சரியாகிவிட்டது. பால் குடித்தால் ஒன்றும் ஆகாது என்று பட்டறைகளில் சொல்வார்கள். இரண்டு டம்ளர் குடித்துவிட்டுத்தான் நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். பூச்சைத் தீட்டி எடுங்கள், காற்றோட்டம் வையுங்கள்.

மற்ற குறைகள்: 140 ஆம்பியரில் நாலு நிமிஷம் விடாமல் அடித்தால் மஞ்சள் விளக்கு எரிந்து மெஷின் நின்றுவிடும், தகரக் கூரைக்குக் கீழே மத்தியானத்தில் இன்னும் சீக்கிரம். உடனே அணைக்காதீர்கள், விசிறி ஓடட்டும். கிளாம்ப் விளையாட்டுச் சாமான். முதல் மாதமே தூக்கிப் போட்டுவிட்டு 25 வெள்ளிக்கு வேறு வாங்கினேன். கூடவே வரும், கையில் பிடிக்கும் பிளாஸ்டிக் முகமறைப்பும் அப்படியே. அதை நம்பிக் கண்ணை ஒப்படைக்காதீர்கள்.

பின்பக்க புரோபெல்லர் ஷாஃப்டை ஈப்போவில் லேத் கடையில் கொடுத்து 12 அங்குலம் குறைத்து பேலன்ஸ் பார்த்தேன், பிரேக் பைப்பை முழுக்கப் புதிதாகப் போட்டேன். காடி ஓடுகிறது. ஆனால் ரோட்டுக்கு வராது. இந்த நாட்டில் சேசிஸ் எண்தான் காடியின் பிறப்புப் பத்திரம். இப்படி வெட்டி ஒட்டியதை ரோட்டில் விட ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) அனுமதி, புஸ்பாகோம் வாகனச் சோதனை என்று நிற்க வேண்டும். என் லேண்ட்ரோவருக்குக் கிராண்டே (பதிவுப் பத்திரமே) கிடையாது. எங்கள் நாலு ஏக்கர் செம்பனைக்குள் குலை ஏற்றிக்கொண்டு சுற்றுகிறது, அது போதும். முதல் நாள் மாமாவை முன்சீட்டில் உட்காரச் சொன்னேன். “அது தொரை சீட்டு” என்று சொல்லிவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டார்.

பெட்டி இப்போது என்னிடம் இல்லை. தைப்பூசத்துக்குக் காவடிச் சட்டம் அடிக்க அக்கா மகன் எடுத்துப் போயிருக்கிறான். மெல்லிய குழாய், ஒரே அடுக்கு. அந்தக் கம்பிக்கென்றே அமைந்த வேலை. அவனுடைய கூட்டாளி ஒருவன் கேஸ் சிலிண்டர் மாட்டிப் பார்க்கப் போகிறான் என்று கேள்வி. திரும்பி வந்ததும் முதலில் மூடியைத் திறந்து பிளஸ் மைனஸ் பார்க்க வேண்டும்.