11.41க்குத் திரும்பிப் போனோம்: அமேசான் ஆர்டிஎஸ் ரீஸ்டோர்

கம்பத்தில் எங்கள் ஏலக்காய்க் கடைக் கணக்கு முழுக்க அமேசான் ஆர்டிஎஸ்ஸில் (அமேசான் வாடகைக்கு நடத்தித் தரும் டேட்டாபேஸ் சேவை), போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில்தான் இருக்கிறது. போன மாதம் ஒருநாள் காலை 11.42க்கு, யார் கணக்கை மாற்ற வேண்டும் என்று சொல்லும் வேர் (WHERE) கண்டிஷன் போடாமல் ஒரு அப்டேட் ஓட்டிவிட்டேன். குமுளி, வண்டன்மேடு விவசாயிகள் அத்தனை பேர் பாக்கியும் ஒரே தொகையாகிவிட்டது. கை நடுங்கியது.

உடனே பாக்கி வரவு வைப்பதை நிறுத்தச் சொல்லிவிட்டு, 11.41 என்று நேரம் கொடுத்து, அந்த நேரத்து நிலையை மீட்டெடுக்கும் ரீஸ்டோர் போட்டேன். பழைய டேட்டாபேஸில் அது கை வைப்பதில்லை, தனியாகப் புது இன்ஸ்டன்ஸ் (டேட்டாபேஸ் சர்வர்) ஒன்றை எழுப்பித் தருகிறது, அதற்கு முகவரியும் வேறு, வாடகையும் தனி. எங்களுக்கு 40 நிமிடம் ஆனது. அதிலிருந்து பாக்கி டேபிளை மட்டும் டம்ப் (நகல்) எடுத்துப் பழையதில் ஏற்றினோம், இடையில் போட்ட பில் ஒன்றுகூடப் போகவில்லை. சரி, அப்படியே விட்டுவிடாதீர்கள், வேலை முடிந்ததும் புதியதை அழித்துவிடுங்கள்.

கமாண்ட் லைனில் செய்பவர்கள் கவனம்: அங்கே நேரம் யுடிசியில் (உலகப் பொது நேரம்) கொடுக்க வேண்டும், நம் 11.41 அதற்கு 06.11. அப்புறம், இந்த ரீஸ்டோருக்கு உதவும் தானியங்கி பேக்கப்பை 35 நாள் வரை வைக்கலாம். நாங்கள் 7 நாள்தான் வைத்திருந்தோம், அன்று சாயங்காலமே மாற்றிவிட்டேன்.