'இடுப்பு கிளியர்' என்று விற்கப்படும் செயின்ட் பெர்னார்ட் குட்டிகள்: வாங்குமுன் படியுங்கள்

சிங்கப்பூரில் சிராங்கூன் பக்கம் தரைவீட்டில் இருக்கும் ஒரு குடும்பம், இரண்டு மாதச் செயின்ட் பெர்னார்ட் குட்டி ஒன்றை வாங்கியது. "தாய், தகப்பன் ரெண்டுக்கும் இடுப்பு கிளியர், பேப்பர் இருக்கு" என்று, அதாவது இடுப்பு மூட்டில் குறை இல்லை என்று சொல்லித்தான் விற்றார்கள். கைக்கு வந்தவை வம்சாவளிச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, ஒரு டப்பா கால்சியம் பொடி. ஏழாவது மாதத்தில் குட்டி எழுந்து நிற்கவே சிரமப்பட்டது. ஓடும்போது பின்னங்கால் இரண்டையும் சேர்த்துத் தாவியது. எக்ஸ்ரே எடுத்தால் இரண்டு பக்கமும் தொடை எலும்பின் தலை இடுப்புக் குழிக்குள் சரியாகப் பொருந்தவில்லை. விற்றவரைக் கேட்டால், உத்தரவாதம் பார்வோ, டிஸ்டெம்பர் என்ற தொற்றுநோய்களுக்கு மட்டும், அதுவும் ஏழு நாளுக்குத்தான் என்று பதில். இது அநியாயம். ஆனால் எழுதிக் கொடுத்த தாளில் அப்படித்தான் இருந்தது.

முதலில் அந்தப் 'பேப்பர்'. வம்சாவளிச் சான்றிதழ் நாயின் பரம்பரையைச் சொல்லும், அவ்வளவுதான். மூட்டு எப்படி இருக்கிறது என்று அதில் ஒரு வரிகூட இருக்காது. இடுப்புக்குத் தனி மதிப்பீடு உண்டு. விலங்குகளின் எலும்பு, மூட்டை மதிப்பிடும் அமெரிக்க அமைப்பான ஓஎஃப்ஏ, 24 மாதம் நிறைந்த நாய்க்கே இறுதி மதிப்பீடு தரும். அதற்குமுன் தருவது தற்காலிகமானது. எஃப்சிஐ என்ற அனைத்துலக நாய்வளர்ப்புக் கூட்டமைப்பின் முறையில் ஏ (சிறந்தது) முதல் இ வரை தரம், மிகப் பெரிய இனங்களுக்கு 18 மாதம் ஆகியிருக்க வேண்டும். பிரிட்டிஷ் முறையில் இரண்டு இடுப்புக்கும் சேர்த்து 0 முதல் 106 வரை மதிப்பெண். எண் கூடக்கூட மோசம். ஆகவே ஒன்றரை வயதுத் தாய்க்கு 'ஓஎஃப்ஏ இறுதிச் சான்று' என்று யாராவது காட்டினால் அது பொய். சான்றில் உள்ள மைக்ரோசிப் எண்ணும் பெற்றோர் நாயின் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். ஓஎஃப்ஏ என்றால் பதிவுப் பெயரை அவர்களுடைய இணையத் தரவுத்தளத்தில் தேடினாலே தெரிந்துவிடும். முழங்கை மூட்டுக்கும் தனிச் சான்று கேளுங்கள். 'எங்க டாக்டர் பார்த்து ஓகே சொன்னார்' என்பது சான்று ஆகாது.

அடுத்தது கால்சியம் பொடி. எனக்கு அதிகக் கோபம் இதில்தான். ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டியின் குடல், வேண்டாத கால்சியத்தைத் தடுத்து நிறுத்தாது; கொடுப்பதில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். மிகுதி கால்சியம் எலும்பு வளர்ச்சியைக் குலைக்கும் என்பதை நெதர்லாந்தின் உட்ரெக்டில் கிரேட் டேன் என்ற பெரிய இனக் குட்டிகளை வைத்து 1980களிலேயே காட்டிவிட்டார்கள். பையில் 'பெரிய இன நாய்களின் வளர்ச்சிக்கு' என்று தெளிவாகப் போட்ட உணவாக வாங்குங்கள். அதன் உலர் எடையில் கால்சியம் 1.8 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. அதற்கு மேல் பொடியோ டானிக்கோ எதுவும் வேண்டாம். குட்டி கொழுகொழுவென்று இருப்பதைப் பார்த்து மகிழ வேண்டாம். விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். மெதுவாக வளர்வதே மூட்டுக்கு நல்லது.

அந்தக் குடும்பம் இழந்த இன்னொன்று நேரம். 16 வாரத்திலேயே பென்ஹிப் எக்ஸ்ரே மூலம் மூட்டு எவ்வளவு தளர்வாக இருக்கிறது என்று அளக்கலாம். தளர்வு தெரிந்தால் 20 வாரத்துக்குள் ஒரு சிறிய அறுவை சிகிச்சை இருக்கிறது: இடுப்பெலும்பின் அடிப்பக்க வளர்ச்சித் தட்டை மூடிவிடுவது. எலும்பு வளர வளர குழி தொடைத் தலையை நன்றாக மூடிக்கொள்ளும். ஏழு மாதத்தில் அந்த வாய்ப்பு போய்விடும். தொடை எலும்பின் தலையை வெட்டி எடுக்கும் சிகிச்சையும் சின்ன நாய்க்குப் பலன் தருவதுபோல் 70 கிலோ நாய்க்குத் தராது. எனவே குட்டி வந்த வாரமே மருத்துவரிடம் பென்ஹிப் செய்பவர் யார் என்று கேட்டு, நாள் குறித்துவிடுங்கள்.

வழவழப்பான டைல்ஸ் தரையில் ரப்பர் பாய் விரியுங்கள். மாடிப்படி ஏற விடாதீர்கள். நடை காலை ஏழு மணிக்குமுன், இரவு எட்டுக்குமேல். நம் ஊர் ஈரப்பதத்தில் இந்த ரோமத்துக்குப் பகல் ஆபத்து.

வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டில் இந்த இனம் கூடவே கூடாது, அபராதம் 4,000 வெள்ளி வரை போகும். 'சத்தம் போடாத நாய், யாருக்கும் தெரியாது' என்று சொல்பவரிடம் பேச்சையே முறித்துக்கொள்ளுங்கள்.   ஜோகூரிலிருந்து வந்தது என்று இரண்டு மாதக் குட்டியைக் காட்டினால், அது சட்டப்படி வந்திருக்க முடியாது. இறக்குமதிக்குத் தேவையான வெறிநாய்த் தடுப்பூசியைப் போடவே குட்டிக்கு மூன்று மாதம் ஆகியிருக்க வேண்டும்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள், 'இடுப்பு கிளியர்' என்று விற்றவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை அழிக்காதீர்கள். அதையும் ரசீதையும் எக்ஸ்ரே அறிக்கையையும் எடுத்துக்கொண்டு பயனீட்டாளர் சங்கத்துக்குப் போகலாம். சிறு கோரிக்கை நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரையிலான வழக்கை எடுக்கும், இரண்டு ஆண்டுக்குள் பதிய வேண்டும். அங்கே வழக்கறிஞர் வைக்க முடியாது, நீங்களே பேச வேண்டியிருக்கும். அதனால் தேதிவாரியாக ஒரு பக்கத்தில் எழுதி எடுத்துப் போங்கள்.