பகடையிலிருந்து பிறந்த நாவல்கள்: விதிநூலைச் சுமந்தவையும் இறக்கி வைத்தவையும்

டேபிள்டாப் ரோல்பிளேயிங் விளையாட்டுகளிலிருந்து, அதாவது மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டிக் கதையை ஆடும் விளையாட்டுகளிலிருந்து, வந்த நாவல்களில் இரண்டு சாதி உண்டு. விளையாட்டை விற்ற நிறுவனமே வெளியிட்டவை ஒன்று. தாங்கள் ஆடிய உலகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, விதிநூலை மேஜையிலேயே விட்டுவிட்டு எழுதியவர்களுடையவை இன்னொன்று.

முதல் வகைக்கு முகம் 'டிராகன்லான்ஸ்'. மார்கரெட் வெய்ஸ், டிரேசி ஹிக்மன் எழுதிய முதல் நாவல் 1984இல் வந்தது. அதே ஆண்டில் அந்தக் கதையை ஆடிப் பார்க்கச் சாகசத் தொகுப்பும் வந்தது. இதன் பெரும் பலம் கூட்டாளிகள்தான். ஒருவரையொருவர் சீண்டிக்கொண்டே ஒன்றாக நடக்கும் அந்தக் குழுவோடு முதல் அத்தியாயத்திலேயே நாமும் சேர்ந்துவிடுகிறோம். இந்த நாவலுக்கு அடிப்படையான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் அந்தக் காலப் பதிப்பில், மந்திரவாதி ஒரு மந்திரத்தைப் பிரயோகித்ததும் அது அவன் நினைவிலிருந்து அழிந்துவிடும். மறுபடி மனப்பாடம் செய்ய வேண்டும். வெறும் கணக்குக்காக வைத்த இந்த விதி, அந்தக் குழுவின் மந்திரவாதி ரெய்ஸ்ட்லின் கையில் இருமலும் களைப்பும் அதிகார வெறியுமாக மாறுகிறது. விதி மனிதனாகிற இந்த இடத்துக்காகவே அந்த நாவலை நான் நேசிக்கிறேன்.

ஆனால் அதே விதிநூல் கதையின் கழுத்தையும் நெரிக்கும். 1989இல் விளையாட்டின் இரண்டாம் பதிப்பு வந்தபோது 'அசாசின்' (கொலையாளி) என்ற பாத்திர வகையை நீக்கினார்கள். உடனே அதே விளையாட்டின் இன்னொரு கற்பனை உலகமான 'ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்'இல் ஒரு கடவுள் அத்தனை கொலையாளிகளையும் ஒரேயடியாகச் சாகடித்தார். கதைக்குள் எவ்வளவு காரணம் சொன்னாலும், உண்மையான காரணம் விதிநூலில் இருக்கிறது. வாசகருக்கு அது தெரிந்துவிட்டால் அந்தக் கடவுள் பொம்மையாகிவிடுகிறார். நாயகர்களின் கதியும் இதேதான். அதே உலகின் நாவல்களில் 1988இல் அறிமுகமான நாயகன் டிரிஸ்ட் பல பத்தாண்டுகளாக வாளோடு உலவுகிறான். அவனுக்காக எனக்குப் பயம் வருவதே இல்லை.

ஜப்பானின் 'ரெக்கார்ட் ஆஃப் லோடோஸ் வார்' இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஆட்டத்தின் பதிவாக 1986இல் பத்திரிகையில் தொடங்கி, பிறகு நாவலானது.

இரண்டாம் வகையில் ஸ்டீவன் எரிக்சனின் 'மலாசன்' வரிசை இருக்கிறது. எரிக்சனும் இயன் எஸல்மான்ட்டும் ஆடி ஆடி வளர்த்த உலகம் அது. முதல் நாவல் 1999இல் வந்தது. பிரம்மாண்டம் என்றால் அப்படி ஒரு பிரம்மாண்டம். ஆனால் மேஜையில் உட்கார்ந்திராத நமக்கு வழிகாட்ட யாரும் இல்லை; முதல் நூறு பக்கங்களில் பலர் கழன்றுகொள்வது நியாயமே. 'டிராகன்லான்ஸ்' கையைப் பிடித்து அழைத்துப் போகும், இது நடுக்காட்டில் இறக்கிவிட்டுப் போகும்.

என் ஓட்டு 2011இல் தொடங்கிய 'தி எக்ஸ்பான்ஸ்' வரிசைக்கு. டை ஃபிராங்க் ஓர் ஆட்டத்துக்காக உருவாக்கிய உலகத்தை டேனியல் ஆபிரகாமோடு சேர்ந்து நாவலாக்கினார். ஆட்டத்திலிருந்து ஒருவர் பாதியில் விலகியதால் அவருடைய பாத்திரம் அங்கே செத்துப்போனது. நாவலிலும் அந்தச் சாவு முன்னறிவிப்பே இல்லாமல், சட்டென்று வருகிறது. பகடை உருண்டு நிற்கும்வரை மேஜையைச் சுற்றியிருப்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார்களே, அந்தக் கணம் அச்சில் எனக்குக் கிடைத்தது அந்தப் பக்கத்தில்தான்.