டர்பனில் பழைய பாட்டைப் பாடிப் பதிவு செய்யப் போகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள்

"லைசென்ஸ் எல்லாம் நான் பார்த்துக்கிறேன், தங்கச்சி."

ஒரு ஸ்டூடியோக்காரர் சொன்ன இந்த ஒரு வாக்கியத்தை நம்பியதற்கு நான் கொடுத்த விலை 17,500 ராண்ட்.

நான் சொந்தமாகப் பாட்டு எழுதிப் பாடுகிறவள். பெரிய ஆள் எல்லாம் இல்லை. டர்பனில் நம் ஆட்கள் நிறைய இருக்கும் சாட்ஸ்வொர்த் பக்கம் கல்யாண வீடு, கோயில் விழா, எப்போதாவது ஒரு மேடை, அவ்வளவுதான். போன வருடம் அம்மாவின் 70ஆவது பிறந்தநாள் வந்தது. சின்ன வயதில் எங்கள் வீட்டில் ஓயாமல் ஓடிய பாட்டுகளில் ஆறை என் குரலில் பதிவு செய்து முறையாக வெளியிட்டுவிடலாம் என்று ஆசைப்பட்டேன். நான்கு சினிமாப் பாட்டு, ஒரு பாரதி பாட்டு, கடைசியாக எங்கள் ஆயா, அதாவது பாட்டி, பாடிய தாலாட்டு.

அந்தப் பாட்டெல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்ததே தனிக் கதை. 1946இல் இந்தியா தென்னாப்பிரிக்காவோடு வியாபாரத்தை நிறுத்தியது. நான் பள்ளிக்கூடம் போன 80களிலும் அந்தத் தடை அப்படியேதான் இருந்தது. அதனால் அப்பா கையில் கிடைத்ததெல்லாம் நகலுக்கு நகல் எடுத்த காசெட். ஒரு டேப் ரெக்கார்டர் முன்னால் இன்னொன்றை வைத்துப் பிடித்தது போலிருக்கிறது, ஒரு பாட்டில் சரணத்துக்கு நடுவே யாரோ இருமுவார். அந்த இருமலும் பாட்டில் ஒரு பாகம் என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அப்புறம் இங்குள்ள இந்தியர்களுக்கான வானொலி ரேடியோ லோட்டஸில் அதே பாட்டைச் சுத்தமாகக் கேட்டபோது எதையோ வெட்டிவிட்டார்கள் என்று கோபம்கூட வந்தது. திருட்டு காசெட்டில் வளர்ந்தவள் இன்றைக்கு உரிமை பேசுகிறாளா என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். அதனால்தான் இந்தத் தடவையாவது ஒழுங்காகச் செய்ய நினைத்தேன்.

தெரிந்தவர் ஒருவர் சொல்லித்தான் அந்த ஸ்டூடியோவுக்குப் போனேன். பதிவு, மிக்சிங், மாஸ்டரிங், உரிமம், வெளியீடு எல்லாம் சேர்த்து ஒரே தொகை. மிருதங்கம், தபேலா, புல்லாங்குழல் மூன்றுக்கும் ஆள் வைத்து வாசிக்க வைப்பேன் என்றார் ஸ்டூடியோக்காரர். முழுப் பணத்தையும் வங்கி வழியாக முன்னதாகவே அனுப்பினேன். ரசீது கேட்டதற்கு வாட்ஸ்ஆப்பில் ஒரு கட்டைவிரல் வந்தது. அங்கேயே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

வாசிக்கிறவர்களை நான் ஒரு நாளும் பார்க்கவில்லை. "நீ பாடிட்டுப் போ, அவங்க ராத்திரி வருவாங்க" என்பார். ஒரு நாள் கரண்ட் இல்லை என்பார், இன்னொரு நாள் அந்தத் தபேலாக்காரருக்குக் கல்யாணக் கச்சேரி என்பார். சரி, கலைஞர்கள் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன்.

கோப்புகள் வந்ததும் ஹெட்போன் மாட்டிக் கேட்டேன். முதலில் என் குரலே எனக்கு அந்நியமாக இருந்தது. சுருதி திருத்தும் மென்பொருளை முழு வேகத்தில் போட்டுத் தேய்த்திருக்கிறார். நம் பாட்டில் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போகும் கமகம்தானே உயிர்? அந்த மென்பொருளுக்கு அது பிழையாகத் தெரியும். வழுக்கலை எல்லாம் படிக்கட்டாக வெட்டி வைத்துவிடும். இன்னும் ஒன்று. இரண்டாவது பாட்டில் பல்லவி நான்கு முறை வருகிறது. நான்கு முறையும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி மூச்சு. நான்கையும் நான் தனித்தனியாகப் பாடியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒன்றை எடுத்து மற்ற மூன்று இடத்திலும் ஒட்டியிருக்கிறார்.

வாத்தியம்தான் பெரிய மோசடி. ஒலிப்பொறியாளராக வேலை பார்க்கும் என் தம்பி முறையுள்ளவன் கோப்பைக் கணினியில் போட்டு, ஒலி எவ்வளவு உயர்ந்த அதிர்வெண் வரை போகிறது என்பதைக் காட்டும் படத்தைக் காட்டினான். என் குரல் 20 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வரை மெல்லியதாகப் போகிறது. பின்னணி வாத்தியமோ 16 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டியது போல நிற்கிறது. "அக்கா, இது யாரும் வாசிச்சது இல்ல. குறைந்த தரத்தில் சுருக்கின ஏதோ ஒரு எம்பி3, அதை அப்படியே இறக்கிப் போட்டிருக்கான்" என்றான். தேடிப் பார்த்தோம். நான்கு சினிமாப் பாட்டுக்கும் இணையத்தில் கிடக்கிற கரோக்கி டிராக்தான், பாடகர் குரல் இல்லாத பின்னணி இசை. ஒன்றில் மட்டும் சுருதியை அரைக் கட்டை ஏற்றியிருந்தார். அந்த உழைப்புக்கு நன்றி.

இதில் என்ன குற்றம் என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கும் முன்பு தெரியாது. ஒரு பாட்டில் இரண்டு வேறு சொத்து இருக்கிறது. மெட்டும் வரிகளும் ஒன்று, அந்த ஒலிப்பதிவு இன்னொன்று. நீங்களே ஆள் வைத்துப் புதிதாக வாசித்துப் பாடினால் முதலாவதற்கு மட்டும் உரிமம் போதும். பதிவு செய்து நகலெடுக்கும் அந்த உரிமத்துக்கு இங்கே கபாசோ (CAPASSO) என்ற அமைப்பு இருக்கிறது, மேடையிலும் வானொலியிலும் ஒலிப்பதற்கு சாம்ரோ (SAMRO) என்ற அமைப்பு. அடுத்தவர் கரோக்கியின்மேல் பாடினால் அந்த ஒலிப்பதிவின் சொந்தக்காரரிடமும் அனுமதி வேண்டும். படம் சேர்த்துக் காணொளியாக்கினால் அது மூன்றாவது அனுமதி. நான் அவரிடம் உரிமக் கடிதத்தைக் காட்டுங்கள் என்று கேட்டபோது தன் சாம்ரோ உறுப்பினர் அட்டையைப் படம் பிடித்து அனுப்பினார்! டிரைவிங் லைசென்ஸைக் காட்டி, கார் என்னுடையது என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

பாரதி பாட்டு விஷயத்தில் தப்பு எனக்கும் உண்டு. பாரதியின் எழுத்துகளுக்கான உரிமையை 1949இல் சென்னை அரசு வாங்கியது, பிறகு பொதுச்சொத்தாக்கியது என்று கோயில் தமிழ் வகுப்பில் படித்திருக்கிறேன். அதனால் அந்தப் பாட்டுக்குக் கவலையே இல்லை என்று நினைத்தேன். வரிகள்தான் பொதுச்சொத்து. நான் பாடிய மெட்டு ஒரு சினிமா இசையமைப்பாளர் போட்டது. இந்த நாட்டில் மெட்டுக்கான உரிமை அதைப் போட்டவர் இறந்து 50 வருடம் வரை இருக்கும், இந்தியாவில் 60. நானே ஒரு மெட்டுப் போட்டிருந்தால் ஒரு சல்லிக்காசு செலவில்லை. பாட்டு எழுதுகிறவள் என்று பேர், அது தோன்றவில்லை.

அவர் இணையத்தில் வெளியிட்ட மூன்றாம் வாரம் பாட்டுத் தளங்கள் இரண்டு பாட்டுகளை எடுத்துவிட்டன. மூன்றாவதன் வருமானம் கரோக்கிக் கம்பெனிக்குப் போகிறது. எல்லாமே பாட்டுகளைத் தளங்களுக்கு அனுப்பும் அவருடைய விநியோகக் கணக்கில் ஏற்றப்பட்டிருப்பதால் மிச்சத்தை எடுக்கவோ திருத்தவோ என்னால் முடியவில்லை.

தாலாட்டுக்கு வருகிறேன். ஆயா மவுண்ட் எட்ஜ்கம்ப் கரும்புத் தோட்டத்தில் பிறந்தவள். மில் சங்கு ஊதுமுன்னே தூங்கு என்று அவள் பாடுவாள். அது எந்தப் புத்தகத்திலும் இல்லை, அவளுடைய அம்மா கட்டியது என்று சொல்வாள். எங்கள் வீட்டுக்கு வெளியே அதைப் பாடி நான் கேட்டதில்லை. வெளியீட்டில் அந்தப் பாட்டைத் திறந்து பார்த்தால், இசை என்ற இடத்தில் அந்த ஸ்டூடியோக்காரரின் பெயர். வரிகள் என்ற இடத்திலும். பணம் போனதற்குக்கூட நான் அழவில்லை.

போன் போட்டேன். "ஐ.எஸ்.ஆர்.சி. கோடு என் பேர்ல எடுத்திருக்கேன், மாஸ்டர் என்னுது" என்றார். மாஸ்டர் என்றால் மூல ஒலிப்பதிவு. இதைக் கேட்டு பயந்து வாயை மூடிக்கொள்பவர்கள்தான் அதிகம் என்று நினைக்கிறேன், நானும் இரண்டு நாள் பயந்தேன். அந்தக் கோடு வெறும் 12 எழுத்தும் எண்ணும் கொண்ட அடையாளம். நம் நாட்டில் ரீசா (RiSA) என்ற ஒலிப்பதிவுத் துறை அமைப்பு மூலம் கிடைப்பது. ஒலிப்பதிவு எது என்று சொல்லும், யாருடையது என்று சொல்லாது. 1978ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, பணம் கொடுத்து ஒலிப்பதிவு செய்யச் சொன்னவர்தான் அதற்குச் சொந்தக்காரர் என்கிறது, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில். 22ஆம் பிரிவின்படி கையெழுத்திட்ட எழுத்து இல்லாமல் காப்புரிமை கை மாறாது. நான் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. ஒப்பந்தம் எழுதாத என் முட்டாள்தனமே இந்த ஒரு இடத்தில் என்னைக் காப்பாற்றியது.

இப்போது செய்திருப்பது இதுதான். பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி 14 நாள் கெடு வைத்துக் கடிதம் கொடுத்தேன், பதில் இல்லை. சிறு உரிமைக்கோரல் நீதிமன்றத்தில் 20,000 ராண்ட் வரை கேட்கலாம், வக்கீல் வாதாட அனுமதி இல்லை, எனவே என்னைப் போன்றவர்களுக்கு அது தோதான இடம். வங்கி ரசீது, வாட்ஸ்ஆப் குரல் பதிவுகள், தம்பி எடுத்த அந்த 16 கிலோஹெர்ட்ஸ் படம் எல்லாவற்றையும் அச்செடுத்துக் கோப்பில் வைத்திருக்கிறேன். விசாரணைக்குத் தேதி கிடைத்துவிட்டது. தாலாட்டின் பெயர் விவகாரத்துக்கு விநியோக நிறுவனத்துக்குத் தனியாக எழுதியிருக்கிறேன்.

நீங்கள் எந்த ஸ்டூடியோவுக்குப் போனாலும் எல்லாம் கலந்து மிக்ஸ் ஆன பாட்டோடு மட்டும் திரும்பாதீர்கள். ஒவ்வொரு வாத்தியமும் ஒவ்வொரு குரலும் தனித்தனியாக இருக்கும் கோப்புகளைப் பதிவு முடிகிற அன்றே உங்கள் டிஸ்க்கில் வாங்கிக்கொள்ளுங்கள். அவற்றை நான் கேட்டிருந்தால் முதல் நாளே குட்டு வெளிப்பட்டிருக்கும், ஏனென்றால் கொடுப்பதற்கு அவரிடம் ஒன்றுமே இருந்திருக்காது. வெளியீட்டுக் கணக்கை உங்கள் மின்னஞ்சலில் நீங்களே திறங்கள்.

வழக்கு நடக்கிறது என்பதால் பெயரை எழுதவில்லை, தயவுசெய்து கருத்தில் நீங்களும் எழுத வேண்டாம். இதே போல "நான் பார்த்துக்கிறேன்" என்று கேட்டு முழுப் பணத்தையும் முன்னால் கட்டியவர்கள் டர்பன் பக்கம் இருந்தால் எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள், விசாரணைக்கு முன்னால் பேசலாம்.