ஃபோலிக் ஆசிட்: 5 மில்லிகிராமா, குறைந்த அளவா, மெத்தில்ஃபோலேட்டா? சிறுநீரக நோயாளிக்கு எது பொருந்தும்?

ஈரோடு, திருப்பூர் பக்கம் மருந்துக்கடையில் "ரத்தம் ஊறுற மாத்திரை குடுங்க" என்று கேட்டால், பல நேரம் கைக்கு வருவது பொட்டு அளவில் மஞ்சளாக இருக்கும் 5 மில்லிகிராம் ஃபோலிக் ஆசிட். "கிட்னியில உப்பு ஏறிருச்சு" என்று கிரியாட்டினின் ரிப்போர்ட்டோடு வருபவருக்கும் அதே மாத்திரை, கர்ப்பிணிக்கும் அதே மாத்திரை. விலை குறைவு, பக்கவிளைவும் இல்லை என்ற எண்ணத்தில் வருடக்கணக்கில் விழுங்குகிறார்கள். சிறுநீரகம் பழுதானவர் விஷயத்தில் அப்படி விட்டுவிட முடியாது. ஒரு வகைக்கும் இன்னொரு வகைக்கும் உள்ள வேறுபாட்டைவிட, அளவும் உடலில் விட்டமின் பி12 இருக்கும் நிலையும்தான் இங்கே பெரிய விஷயம்.

முதலில் ஒன்று: ஃபோலிக் ஆசிட் கிரியாட்டினினைக் குறைக்கும் மருந்து அல்ல. சிறுநீரக நோயில் வரும் ரத்தசோகைக்கு முக்கியக் காரணம், ரத்தம் ஊறச் செய்ய சிறுநீரகம் சுரக்க வேண்டிய எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோன் குறைவது. அடுத்தது இரும்புச்சத்துக் குறைவு. இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் டிரான்ஸ்ஃபெரின் செறிவையும் பார்க்காமல் ஃபோலிக் ஆசிட் மட்டும் கொடுத்தால் ஹீமோகுளோபின் நகராது. ஃபோலேட் (மாத்திரையில் ஃபோலிக் ஆசிட்டாக வரும் பி9 விட்டமின்) உண்மையிலேயே குறைந்திருந்தால், சிவப்பணுவின் சராசரி அளவான எம்.சி.வி. 100-ஐத் தாண்டும். இரும்பும் சேர்ந்து குறைந்திருந்தால் இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டி எம்.சி.வி. சரியாக இருப்பதுபோல் காட்டும். அந்த இடத்தில் ரத்தப் பூச்சை (கண்ணாடியில் தடவிய ரத்தத்தை நுண்ணோக்கியில்) பார்த்தால்தான் உண்மை தெரியும்.

<b>5 மில்லிகிராம் மாத்திரை</b>

5 மில்லிகிராம் என்றால் 5000 மைக்ரோகிராம். ஒரு நாளைய தேவை ஏறக்குறைய 400 மைக்ரோகிராம். மாத்திரை வழியாக எடுப்பதற்குப் பெரியவர்களுக்குச் சொல்லப்படும் மேல் வரம்பு 1000 மைக்ரோகிராம். அந்த வரம்பை வைத்ததற்கு முக்கியக் காரணம் பி12. பி12 குறைந்தவருக்கு ஃபோலிக் ஆசிட் அதிகமாகக் கொடுத்தால் ரத்தசோகை தெளிந்துவிடும், ரிப்போர்ட் நன்றாக இருக்கும். நரம்புச் சேதம் மட்டும் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். பாதம் மரத்துப்போவது, பஞ்சில் நடப்பதுபோல் இருப்பது, இருட்டில் தடுமாறுவது எல்லாவற்றையும் "சுகர் நரம்பு" என்று தள்ளிவிடுவார்கள்.

கொங்குப் பகுதியில் இந்த ஆபத்து எட்டாத தூரத்தில் இல்லை. சுத்த சைவம் சாப்பிடும் வீடுகள் நிறைய. அதற்கு மேல், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடம் எடுத்தவருக்கு பி12 குறையலாம். சிறுநீரகம் கெட்ட பிறகு மெட்ஃபார்மினை நிறுத்தியிருந்தாலும் பழைய குறைவு அப்படியே கிடக்கும். அதனால் 5 மில்லிகிராம் தொடங்கும் முன் பி12 பரிசோதனை கட்டாயம். குறைவாக இருந்தால் முதலில் பி12, பிறகுதான் ஃபோலிக் ஆசிட்.

ஃபோலேட் குறைவால் வந்த ரத்தசோகை என்று உறுதியானால் 5 மில்லிகிராம் நல்ல மருந்து. தினம் ஒன்று, வழக்கமாக நான்கு மாதம். அதற்குப் பிறகும் தொடர வேண்டுமென்றால் அதற்குத் தனிக் காரணம் இருக்க வேண்டும்.

<b>குறைந்த அளவு: 400 முதல் 1000 மைக்ரோகிராம் வரை</b>

சிறுநீரகத்துக்கு ஃபோலிக் ஆசிட் நல்லது என்று சொல்பவர்கள் கையில் இருக்கும் வலுவான சான்று 2016-இல் வெளியான சீன ஆய்வு. ரத்தக் கொதிப்பு உள்ள 15,000-க்கும் மேற்பட்டவர்களில் ஒரு பாதிக்கு எனலாப்ரில் 10 மில்லிகிராம் மட்டும், மறு பாதிக்கு அதோடு ஃபோலிக் ஆசிட் 0.8 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தார்கள். ஏற்கெனவே சிறுநீரகப் பாதிப்பு இருந்தவர்களிடம் நோய் முற்றுவது 56 சதவீதம் குறைந்தது. அளவைக் கவனியுங்கள்: 0.8. நம் மஞ்சள் மாத்திரையில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. அங்கே மாவில் ஃபோலிக் ஆசிட் சேர்க்கும் வழக்கமும் இல்லை, பலருக்கு ஃபோலேட் குறைவாகவே இருந்தது. நம் ஊரில் ரேஷனுக்கென்று செறிவூட்டிய அரிசியில் கிலோவுக்கு 75 முதல் 125 மைக்ரோகிராம் வரை ஃபோலிக் ஆசிட் இருக்கிறது. கொஞ்சம்தான், ஆனால் அதைச் சாப்பிடுபவருக்குத் தினமும் உள்ளே போகும்.

இதற்கு நேர் எதிர்த்திசையில் கனடாவில் நடந்த ஆய்வு 2010-இல் வந்தது. சர்க்கரையால் சிறுநீரகம் கெட்டவர்களுக்கு ஃபோலிக் ஆசிட் 2.5 மில்லிகிராம், பி6 25 மில்லிகிராம், பி12 1 மில்லிகிராம் தினமும் கொடுத்தார்கள். ரத்தத்தில் கூடினால் இதயத்துக்கு ஆகாது என்று கருதப்பட்ட ஹோமோசிஸ்டீன் இறங்கியது. சிறுநீரகம் வடிகட்டும் திறனோ, மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்களைவிட வேகமாகச் சரிந்தது. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவையும் கூடின. அதில் கொடுத்த பி12 சயனோகோபாலமின் வகை. பழுதான சிறுநீரகத்தில் அதிலிருந்து பிரியும் சயனைடு தங்கியிருக்கலாம் என்ற ஐயம் அதன் பிறகு வலுத்தது. சிறுநீரக நோயாளிக்கு பி12-இன் இன்னொரு வகையான மெத்தில்கோபாலமினை விரும்புவதற்கு இது ஒரு காரணம்.

அமெரிக்காவில் 2007-இல் வெளியான ஆய்வில் தினம் 40 மில்லிகிராம் வரை கொடுத்தும் உயிரிழப்பு குறையவில்லை. ஹோமோசிஸ்டீனைக் குறைக்கவென்றே சிறுநீரக நோயாளிக்கு ஃபோலிக் ஆசிட் கொடுக்க வேண்டாம், குறைவு இருந்தால் ஈடுகட்டுங்கள் என்றுதான் 2020-இன் அமெரிக்கச் சிறுநீரக உணவு வழிகாட்டுதலும் சொல்கிறது.

எங்கள் தேர்வு தெளிவு. டயாலிசிஸ் வரை போகாத, சாப்பாடு சரியாக இறங்காத நோயாளிக்கு ஃபோலேட் தேவைப்பட்டால், 1 மில்லிகிராமுக்குள் நிற்பதே நல்லது.

<b>மெத்தில்ஃபோலேட்</b>

இங்கே கடைகளில் இது தனியாகக் கிடைப்பது அரிது. மெத்தில்ஃபோலேட் 1 மில்லிகிராம், மெத்தில்கோபாலமின் 1500 மைக்ரோகிராம், பி6-இன் செயல்வடிவம் 0.5 மில்லிகிராம் என்று மூன்றும் சேர்ந்த மாத்திரையாகத்தான் வரும். விலை மஞ்சள் மாத்திரையைப்போல் பல மடங்கு. மெத்தில்ஃபோலேட் என்பது ஃபோலேட்டின் செயல்வடிவம். ஈரல் இதை மாற்ற வேண்டியதில்லை, நேரடியாக வேலை செய்யும். பி12-உம் கூடவே இருக்கிறது. பி12 குறைந்த சைவருக்கு இந்தச் சேர்க்கை பொருந்தலாம். "கிட்னிக்கு ஸ்பெஷல்" என்று சொல்லி விற்றால் நம்ப வேண்டாம். சாதா ஃபோலிக் ஆசிட்டைவிட இது சிறுநீரகத்தை அதிகம் காக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

பி காம்ப்ளக்ஸ் கேப்சூல் வாங்குபவர்கள் அட்டையின் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். சிலவற்றில் விட்டமின் சி 150 மில்லிகிராம் சேர்ந்திருக்கும். சிறுநீரகம் வடிகட்டாத நிலையில் அது ஆக்ஸலேட்டாக மாறிச் சேரும். விட்டமின் ஏ கலந்த மல்ட்டிவிட்டமினும் வேண்டாம், அது வெளியேறாமல் தேங்கும்.

<b>சாப்பாட்டிலேயே எடுத்தால்?</b>

100 கிராம் பாலக்கீரையில் சுமார் 190 மைக்ரோகிராம் ஃபோலேட், கூடவே 550 மில்லிகிராம் பொட்டாசியம். பொட்டாசியம் கூடியவர் கீரையை நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துத்தான் சாப்பிட வேண்டும். அந்தத் தண்ணீரோடு ஃபோலேட்டும் போய்விடும், அதற்கு மாற்றில்லை. வேகவைத்த பச்சைப்பயிறு 100 கிராமில் ஃபோலேட் 159 மைக்ரோகிராம், பொட்டாசியம் 266 மில்லிகிராம். கீரையைவிட இது நல்ல கணக்கு, புரத அளவுக்குள் அடங்கினால். நிலக்கடலையில் ஃபோலேட் நிறைய, பொட்டாசியம் அதைவிட நிறைய. கல் கரையும் என்று கொள்ளு ரசமும், குளிர்ச்சிக்கு என்று பொள்ளாச்சி இளநீரும் கொடுக்கும் வழக்கம் ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 5-ஐத் தாண்டியவருக்கு ஆபத்து. இளநீரில் ஃபோலேட் இல்லையென்றே சொல்லலாம். பி12-க்கு முட்டையில் மஞ்சள் கரு வேண்டும். வெள்ளைக்கரு மட்டும் சாப்பிடச் சொன்னவருக்கு அந்த வழியும் அடைபடும்.

<b>யாருக்கு எது</b>

டயாலிசிஸில் இருப்பவருக்கு ஃபோலேட் தண்ணீரோடு கழிந்துபோகும். வழக்கமான அளவு 1 மில்லிகிராம். டயாலிசிஸ் நாளில் அது முடிந்த பிறகு போட வேண்டும். முன்னால் போட்டால் ஒரு பகுதி இயந்திரத்தோடு போய்விடும்.

கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்ணுக்கு 400 மைக்ரோகிராம். அரசு கொடுக்கும் இரும்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்போடு 500 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட் இருக்கிறது. சர்க்கரை நோய் இருந்தாலோ, வலிப்பு மருந்து எடுத்தாலோ, முந்தைய குழந்தைக்கு முதுகுத்தண்டுக் குறை இருந்திருந்தாலோ 5 மில்லிகிராம், கருத்தரிக்கத் திட்டமிடும்போதே தொடங்கி கர்ப்பத்தின் முதல் 12 வாரம் வரை.

வலிப்புக்கு ஃபெனிடாயின் எடுப்பவர் தானாக 5 மில்லிகிராம் தொடங்கக் கூடாது. ஃபெனிடாயின் ரத்தத்தில் இறங்கி வலிப்பு திரும்ப வரலாம்.

மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் எடுப்பவருக்கு ஃபோலிக் ஆசிட் அவசியம், ஆனால் மெத்தோட்ரெக்ஸேட் போடும் நாளில் அல்ல. அது வாரம் ஒரு நாள் மாத்திரை. அதிலும் சிறிய மஞ்சள் மாத்திரைகள் உண்டு. இரண்டையும் மாற்றித் தினமும் போட்டுவிட்டால் எலும்பு மஜ்ஜை முடங்கும். சிறுநீரகம் கெட்டவரிடம் மருந்து வெளியேறாததால் வாய்ப்புண்ணில் தொடங்கி உயிருக்கே வந்துவிடும். வெவ்வேறு டப்பாவில் வையுங்கள், மெத்தோட்ரெக்ஸேட் டப்பாவின் மேல் கிழமையை எழுதி ஒட்டுங்கள். வீட்டில் பெரியவங்களுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது பேரப்பிள்ளைகளாக இருந்தால் அவர்களுக்கும் அந்தக் கிழமையைச் சொல்லி வையுங்கள்.