கேசிஓ 97 என்றால் நுரையீரல் நலமா?

காரைக்குடியில் நான் நுரையீரல் பரிசோதனை செய்யும் அறைக்கு ஒரே வாரத்தில் இருவர் வந்தார்கள். கானாடுகாத்தான் ஆச்சிக்கு நுரையீரலில் தழும்பு. ஆத்தங்குடி அண்ணனுக்குச் சிறு வயது முதலே முதுகு வளைவு. காற்று போய்ச் சேரும் கொள்ளளவு, அதாவது விஏ, இருவருக்கும் இருக்கவேண்டியதில் 60 சதவீதம்தான்.

துளி கார்பன் மோனாக்சைடு கலந்த காற்றை இழுத்து 10 விநாடி அடக்க வேண்டும். "ஆச்சி, அப்படியே பிடிச்சுக்குங்க" என்றேன். முந்தானையை இறுகப் பற்றிக்கொண்டார். ஏழாவது விநாடியில் மூச்சு விட்டுவிட்டது. 4 நிமிடம் பொறுத்து மறுபடி செய்தோம்.

ரத்தசோகைக்குச் சரிசெய்த பின் ஆச்சிக்கு டிஎல்சிஓ, அதாவது நுரையீரலிலிருந்து ரத்தத்துக்கு அந்த வாயு கடக்கும் அளவு, இருக்கவேண்டியதில் 58 சதவீதம். அதைக் கொள்ளளவால் வகுத்து வரும் கேசிஓ 97 சதவீதம். அண்ணனுக்கு டிஎல்சிஓ 80, கேசிஓ 133.

டிஎல்சிஓவை மட்டும் பார்த்தால் குறைவு தெரியும். கொள்ளளவு சுருங்கியதால் குறைந்ததா, நுரையீரலே கெட்டதா என்பது தெரியாது.

சரி, கொள்ளளவால் வகுத்துவிடலாம் என்று வந்ததுதான் கேசிஓ. பலரும் இங்கேதான் தவறுகிறார்கள். 97ஐப் பார்த்ததும் "நார்மல்" என்று எழுதிவிடுகிறார்கள். கொள்ளளவு பாதியானால் டிஎல்சிஓவும் பாதியாகும் என்பது இந்த வகுத்தலின் கணக்கு. உடம்பு அப்படி நடப்பதில்லை. நல்ல நுரையீரல் சுருங்கும்போது காற்று குறைகிறது, தந்துகிகளில், அதாவது நுண்ணிய ரத்தக்குழாய்களில், ரத்தம் அந்த அளவுக்குக் குறைவதில்லை. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் வாயு கடப்பது கூடுகிறது. 60 சதவீதக் கொள்ளளவில் கேசிஓ 139 வரை ஏறியிருக்க வேண்டும். ஆச்சியின் 97 பெரிய சரிவு.

மூன்றாவது வழி, ஜான்சன் 2000இல் வெளியிட்ட சமன்பாடு. அதிலுள்ள நிலையான எண் 0.58உடன் (ஆச்சியின் 58 அல்ல), 0.42ஐ விஏ விகிதமான 0.60ஆல் பெருக்கிக் கூட்டுங்கள்: 0.83. இந்தக் கொள்ளளவுக்கு எதிர்பார்க்கவேண்டிய டிஎல்சிஓ 83 சதவீதம். அந்த 83இல் எத்தனை சதவீதம் என்று பார்த்தால் அண்ணனுக்கு 96. நெஞ்சுக்கூடு சிறியது, நுரையீரல் நன்றாக இருக்கிறது. ஆச்சிக்கு 70தான்.

என் ஓட்டு இதற்கே. ஆனால் எல்லோருக்கும் பொருந்தாது. நல்ல நுரையீரல்காரர்கள் அரைகுறையாக மூச்சிழுத்த அளவுகளிலிருந்து வந்த கணக்கு இது. அறுவைசிகிச்சையில் ஒரு பகுதியை எடுத்தவர்களுக்கு மிச்ச நுரையீரல் நன்றாகவே விரிகிறது. கேசிஓ இவ்வளவு ஏறாது. மூச்சுக்குழாய் அடைப்பு உள்ளவர்களுக்கோ விஏவே குறைத்துக் காட்டும்.

ஆச்சியின் ரிப்போர்ட்டில் 97க்குப் பக்கத்தில் "இந்தக் கொள்ளளவுக்கு எதிர்பார்ப்பது 139" என்று பேனாவால் எழுதி, டாக்டர் கண்ணில் படும்படி அடிக்கோடிட்டுக் கொடுத்தேன்.